கருத்துப் போயிருவ!

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள். கன்னிவாடி வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்கு வந்த சம்மந்தியம்மா, இலையில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பிள்ளையும் பெண்ணும் கோவா போகிறார்கள். கடற்கரை, ஆறு நாள். சீட்டில் ரயில் நேரமோ ஓட்டல் பெயரோ இல்லை. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீன் இரண்டு டியூப், முழுக்கைச் சட்டை நாலு, அகலமான தொப்பி, கூலிங் கிளாஸ், உதட்டுக்குத் தனிக் களிம்பு, வெயில் பட்ட பிறகு பூசக் கற்றாழை ஜெல், ஊர் திரும்பியதும் பார்லரில் டீ-டேன் ஃபேஷியல். காலை பத்து மணியிலிருந்து சாயந்திரம் நாலு வரைக்கும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

"கோவா வரைக்கும் போயி ரூமுக்குள்ளயா அத்தை இருக்கணும்?" என்றாள் பெண்.

"கலரைப் பாத்துத்தானம்மா உன்னைய எடுத்தோம். கருத்துப் போயிருவ!" என்றார் சம்மந்தியம்மா. சிரித்துக்கொண்டேதான்.

எடுத்தோம். ஜவுளிக்கடையில் சேலைக்கும் எங்கள் பக்கம் இதே வினைச்சொல்தான். சாயம் போய்விடக் கூடாதே என்கிற கவலையும் அதே கவலைதான்.

சாம்பார் வாளியோடு நின்றிருந்த என் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பரிமாறினாள். அவள் கையில் முழங்கைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு. இருபத்தைந்து வருசமாகக் களைவெட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் வெயில் போட்ட கோடு அது. மகளை வெயிலில் இறங்கவிடாமல் வீட்டுக்குள் வைத்து வளர்த்ததற்கு அந்தக் கைதான் செலவு செய்தது. பெண்ணின் 'கலரு'க்கு வந்த ரசீது என்றுகூட அந்தக் கையைச் சொல்லலாம். அந்த ரசீதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

கன்னிவாடிக்கும் கடலுக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் கிடக்கிற பேரூராட்சி இது. எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரைநாள் ஆகும். எங்கள் ஆட்கள் ஆயுசில் இரண்டு தடவை கடலைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கன்னியாகுமரி. அப்பன் செத்த பிறகு ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம். எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு பஸ் ஏறுகிறவனுக்கு முதுகில் களிம்பு தடவிவிட ஆள் கிடையாது. வெயிலைத் தேடிக் கடற்கரைக்குப் போவது என்கிற யோசனையே எங்களுக்குப் பிடிபட்டதில்லை. வெயில் எங்களைத் தேடி வரும். காலை ஏழு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் வெயிலைத் தடுக்கிற வித்தையில் எங்கள் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் ஷேர் ஆட்டோவில் காட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே புருசனின் பழைய முழுக்கைச் சட்டை. அதற்கு மேலே தலையைச் சுற்றி ஒரு துண்டு. காலர் நைந்த சட்டை, பித்தானுக்குப் பதில் ஊக்கு குத்திய சட்டை, மகன் பாலிடெக்னிக் முடித்ததும் கழற்றிப் போட்ட யூனிபார்ம், முதுகில் சிமெண்ட் கம்பெனி பெயர் அடித்த இலவசச் சட்டை. ஒன்றிரண்டு செத்துப்போன புருசனுடைய சட்டையாகவும் இருக்கும். மனுசன் உயிரோடு இருந்தபோது கொடுக்காத நிழலைச் சட்டை கொடுத்துக்கொண்டிருக்கும். மக்காச்சோளத் தோகை கையை அறுக்காமலிருக்கவும் வெயில் தோளைப் பொசுக்காமலிருக்கவும் போட்டுக்கொள்வது அது. ஆஸ்திரேலியாவில் இப்படி உடம்பு மறைக்கிற துணிக்கு யுபிஎஃப் என்று ஓர் எண் அச்சடித்து, விலையை ஏற்றி விற்கிறார்கள். எங்கள் சட்டையில் எண் இல்லை. அதனால் அது ஃபேஷன் இல்லை, ஏழ்மை.

சன்ஸ்க்ரீனை நான் திட்டவில்லை. தோல் மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வெள்ளைத் தோலர்களுக்கு அது மருந்து. வெயிலில் அவர்கள் தோல் வெந்து கொப்புளித்துப் புற்றுநோய் வரை போகும். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 1981-லேயே சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை மாட்டு என்று ஊர் முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளி மைதானத்தில் விளையாடவிட மாட்டார்கள். அங்கே அது உடம்பைக் காக்கிற ஏற்பாடு. உடம்பு எல்லோருக்கும் இருப்பதால் ஏற்பாடும் எல்லோருக்கும். அதே டியூப் கப்பலேறி இங்கே வந்ததும் வேலை மாறிவிடுகிறது. இங்கே அது காப்பது கலரை. கலர் இருப்பவர்களுக்குத்தானே காப்பதற்கு ஏதாவது இருக்கிறது? என் அக்காவிடம் காக்க என்ன இருக்கிறது, உடம்பைத் தவிர?

சரி, உடம்பையே காக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். டியூப் வாங்குகிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பு முழுக்க ஒரு தடவை சரியாகப் பூச 30 மில்லி வேண்டும் என்கிறார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வேர்த்தால் அதற்கு முன்னாலேயே. சட்டையும் துண்டும் பாதியை மறைத்துவிடும் என்று தள்ளுபடி கொடுத்து, தடவைக்கு 15 மில்லி என்றே வையுங்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை நாலு தடவை, 60 மில்லி. ஐம்பது மில்லி டியூப் ஒன்றைப் பிழிந்து, அடுத்ததையும் திறக்க வேண்டும். கடையில் கொஞ்சம் பேர் தெரிந்த டியூப் நானூறு, ஐநூறு ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். அதுவும் உச்சவரம்பு, அளந்து பார்த்துக் குறைந்தால் கூலியும் குறையும். ஆக, வெயிலில் வேலை செய்து, அந்தக் கூலி முழுவதையும் கொடுத்து, வெயிலுக்குப் பூசிக்கொண்டு, மேற்கொண்டு நூறோ இருநூறோ கடன் வாங்கினால் அந்த நாளைத் தோலுக்குச் சேதமில்லாமல் கழிக்கலாம். சோறு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

நூறு நாள் வேலைக்காக 2005-இல் வந்த சட்டத்தில் நிழல் என்ற சொல் இருந்தது தெரியுமா? வேலை நடக்கிற இடத்தில் குடிதண்ணீர், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி, இவ்வளவும் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதியிருந்தது. எழுதியவர் நல்ல மனுசன். எங்கள் கண்மாய்க் கரையில் அந்தச் சட்டத்து நிழலாக நிற்பது ஒரு வேலிக்கருவை. அரசு நட்டதும் இல்லை, நிழல் தருகிற மரமும் இல்லை. இலைக்கு இலை வெயிலை ஒழுகவிடும். அதன் அடியில் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் இருபது பேர் சுருண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது ப்ளஸ். சம்மந்தியம்மா சீட்டில் எழுதிய அதே எண்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்பிஎஃப் 15 என்றால் தோலைச் சிவக்க வைக்கிற கதிர்களில் 93 சதவீதத்தைத் தடுக்கும். 30 என்றால் 97. ஐம்பது என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் விளம்பரத்தில் அந்தப் பெண் கடலைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறாள்.

இதில் பெரிய வேடிக்கை, நாம் பிறக்கும்போதே இந்தக் களிம்பைப் பூசிக்கொண்டுதான் வருகிறோம் என்பது. 1979-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். கறுப்பின மக்களின் மேல்தோல் தானாகவே எஸ்பிஎஃப் 13 அளவுக்குக் கதிரைத் தடுக்கிறது. வெள்ளையர் தோல் மூன்றரையைக்கூடத் தொடவில்லை. நாம் நடுவில் எங்கோ இருப்போம். மெலனின் என்கிற அந்தக் கறுப்பு மை, அப்பத்தாவின் அப்பத்தாவின் அப்பத்தா வெயிலில் நின்று சம்பாதித்து, பட்டா போடாமல் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. வியாபாரி என்ன செய்தான்? முதலில் அந்த மையை அழிக்க ஒரு களிம்பு விற்றான். அழித்த பிறகு வெயில் சுடுமே என்று இன்னொரு களிம்பு விற்கிறான். கூரையைப் பிரித்துக் காசு வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் குடை விற்க வருகிறவன் மாதிரி. நாமும் அவனுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துக் கூரை ஏற ஏணியும் பிடிக்கிறோம்.

'டேன்' என்கிற சொல்லை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க பியூட்டி பார்லர் வர வேண்டியதில்லை. திண்டுக்கல்காரனுக்கு டேனரி என்றால் தெரியும். தோல் ஷாப்பு என்போம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறப்போட்டு ஆட்டுத்தோலைப் பதப்படுத்திக் கப்பலேற்றிய ஊர் எங்களுடையது. கழிவுநீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டபோது அதில் திண்டுக்கல்லும் ஒன்று. தண்ணீர் கெட்ட ஊரில் ஆவாரஞ்செடி மட்டும் இரண்டு பக்கமும் சம்பாதிக்கிறது. பட்டை ஆட்டுத்தோலை டேன் செய்கிறது. பூ காய்ந்து பொடியாகி, மனுசத் தோலின் டேனை எடுக்கும் என்று பாக்கெட்டில் வருகிறது. ஆட்டுத்தோல் டேன் ஆனால் ஏற்றுமதி. ஆத்தா தோல் டேன் ஆனால் ஏளனம்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை தலைகீழ். ஐரோப்பாவில் ஒரு காலம் வரைக்கும் வெயில் பட்ட தோல் என்றால் வயலில் வேலை செய்கிறவள் என்று அர்த்தம். சீமாட்டிகள் குடைக்குள் நடந்தார்கள். பிறகு உழைக்கிறவர்கள் ஆலைக்குள் போய் வெளுத்துவிட்டார்கள். உடனே பணக்காரர்களுக்கு வெளுப்பு கசந்துவிட்டது. 1920களில் கோகோ ஷனேல் என்ற பாரிஸ் உடை வியாபாரி பிரான்சின் தென்கடற்கரையிலிருந்து கறுத்துத் திரும்ப, வெயிலில் காய்வது நாகரிகமாயிற்று. கறுத்த தோல் என்றால் கடற்கரைக்குப் போக நேரமும் காசும் உள்ளவர் என்று ஆனது. எந்த ஊராக இருந்தாலும் விதி ஒன்றுதான்: உழைக்கிறவன் தோல் எந்த நிறமோ, அந்த நிறமாக இருந்துவிடக் கூடாது. நாளைக்கே கன்னிவாடிப் பெண்கள் அத்தனை பேரும் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்து வெளுத்துவிட்டால், நாளன்றைக்குச் சம்மந்தியம்மா சீட்டில் 'பெண் நல்ல கறுப்பாக இருக்க வேண்டும்' என்று எழுதுவார்.

வியாபாரிக்கு இந்த விதி மனப்பாடம். 1930களின் நடுவில் லோரியல் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ஆம்ப்ர் சோலேர் என்று ஓர் எண்ணெய் கொண்டுவந்தது. பொசுங்காமல் அழகாகக் கறுக்க அது. அதே வீட்டுப் பிள்ளையான கார்னியே நம் ஊர்க் கடைகளில் சிவப்பாக்கும் களிம்பு விற்றது. அங்கே கறுக்க எண்ணெய், இங்கே வெளுக்கக் களிம்பு, கல்லா மட்டும் ஒன்று. கோவாவிலும் கோவளத்திலும் ஒரே மணலில் இந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சந்தித்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரி கறுக்க வேண்டும் என்று மல்லாந்து கிடக்கிறாள். நம்மவள் கறுத்துவிடக் கூடாது என்று துப்பட்டாவுக்குள் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் வெறுங்காலோடு சுண்டல் விற்றுக்கொண்டு போகிற பையனிடம் இரண்டு பேரும் பேரம் பேசுகிறார்கள்.

நம் ஊர்க் கதையை 1975-இலிருந்து சொல்லலாம். ஹிந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியை இறக்கிய வருசம். நாடே நெருக்கடி நிலையில் இருந்தது. முகங்களுக்கும் ஒன்று பிரகடனமானது. அது ரத்தாக 45 வருசம் ஆயிற்று. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரன் முழங்காலை ஊன்றினான். உலகம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் இங்கே ஒரு டியூப்பின் பெயர் மாறியது: க்ளோ அண்ட் லவ்லி. மினியாபொலிஸ் தெருவில் ஒரு கறுப்பர் மூச்சுத் திணறிச் செத்தால்தான் கன்னிவாடிப் பெட்டிக்கடையில் தொங்குகிற சாஷேக்கு மனசாட்சி வரும் போலிருக்கிறது. பெயர் போனது; களிம்பு போகவில்லை. கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் புதுப் பெயர் எழுதியதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். அதே வருசம் பிப்ரவரியில் சிவப்பழகு விளம்பரங்களுக்குச் சிறைத்தண்டனை வரை கொடுக்கலாம் என்று மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே களிம்பு விளம்பரமும் வந்திருக்கக் கூடும். நம் பத்திரிகைகளுக்கு நடுநிலை முக்கியம்.

பெரிய கம்பெனி டியூப்பாவது பெயரோடு வருகிறது. பெயரில்லாத டப்பாக்களின் கதை வேறு. கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் சிறுநீரகச் சவ்வு கெட்டுப்போன 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைக் கோளாறு. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பாக்கும் களிம்பு பூசியவர்கள். களிம்பில் பாதரசம். முகத்தில் பூசியது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சிவந்த முகத்தோடு டயாலிசிஸ் வாசலில் உட்காரலாம். படத்துக்கு நன்றாக இருக்கும். இது போதாதென்று ஸ்டீராய்டு. படைக்கும் சொறிக்கும் டாக்டர் எழுதித் தருகிற களிம்பை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் தேய்ப்பது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, பிறகு எந்த வெயிலையும் தாங்காது. 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு சிவப்பாகத்தான் இருந்தது. கடை வரை வருவதற்குள் வெயிலில் கறுத்திருக்க வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் வயதுக்கு வந்த பிறகு தொடங்குவதாக நினைத்தால் தப்பு. கருவிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் குங்குமப்பூ டப்பா வந்துவிடும். ஒரு கிராம் தங்கம் மாதிரி அதைப் பொத்தி எடுத்துப் பாலில் போட்டு, பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று குடிக்கவைப்போம். பிள்ளையின் நிறத்துக்கும் பாலின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று எந்த நர்ஸம்மாவைக் கேட்டாலும் சொல்லும். 1998-இல் சென்னைக் கம்பெனி ஒன்று குங்குமப்பூவும் பாலும் கலந்த ஃபேர்எவர் களிம்பைக் கொண்டுவந்தபோது, அதற்கு விளம்பரம் பாட்டிமார்களே செய்து வைத்திருந்தார்கள்.

குங்குமப்பூ குடிக்காத வயிறுகளைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் வேலைக்குப் போகிற 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெயிலும் வெக்கையும் மிகுந்த இடத்தில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். மற்றவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குக் கரு கலைந்தது. வெக்கையில் நின்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு. 2024-இல் இது வெளியாயிற்று. நான் அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வெயில் ஒரு வயிற்றில் பிள்ளையைத் தின்கிறது. இன்னொரு வயிற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, பிள்ளை கறுத்துவிடுமோ என்று கையைப் பிசைகிறோம்.

அரசு சும்மா இருக்கிறதா? இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் செத்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம். வாழ்த்துகள். சாகாமல் இருந்தால் என்ன என்பதற்குத்தான் நல்ல பதில் வர வேண்டும். அதே வருசக் கோடையில் புதுச்சேரியில் சிக்னலில் நிற்கிற வண்டிகளுக்கு மேலே பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். அறுபது விநாடி நிற்கிறவருக்குப் பந்தல் போடத் தெரிந்த நாட்டில், எட்டு மணி நேரம் குனிந்து நிற்கிறவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று மட்டும் கேட்கிறேன். அவள் நிற்கிற இடத்தில் சிவப்பு விளக்கு இல்லை, அதனாலோ என்னவோ.

நிழலை மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, தடுத்து வைத்திருந்தோம். 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிக்கச் சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன் தன் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

சம்மந்தியம்மாவின் சீட்டையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். சட்டை போடக் கூடாது. தொப்பி எடுத்துக்கொள். குடை பிடிக்கக் கூடாது. ஒன்று யாரை வெயில் தொடக் கூடாது என்கிறது, மற்றது யாரை வெயில் விடக் கூடாது என்கிறது. குடையைப் பிடுங்கிய தாத்தாவின் பேரன் இன்றைக்குக் கல்யாணத் தரகரிடம் கேட்கிறான்: "பொண்ணு ஏன் இவ்வளவு கறுப்பு?"

இத்தனைக்கும் குடையைப் பற்றி நமக்கு வகுப்பெடுத்த தமிழ் இது. வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் போய், நீ பிடிக்கிற குடை வெயிலை மறைப்பதற்காக இல்லை, வாடுகிற குடிகளை மறைப்பதற்காக என்று சொல்லி, நிலவரி பாக்கியை ரத்து செய்ய வைத்தார். புறநானூற்றில் இருக்கிறது. பட்டிமன்றங்களில் கைதட்டலும் வாங்கும். அதே பட்டிமன்ற மேடையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து 2007-இல் 'சிவாஜி' படத்தில் அப்பாவாக நிறுத்தி, அவருக்கு அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரில் இரண்டு கறுத்த பெண்களைக் கொடுத்து, பார்த்தாலே சிரிக்க வேண்டும் என்று வைத்தார்கள். சிரித்தோம். பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற பிரான்மலை எங்களுக்கு அதிக தூரம்கூட இல்லை. அதே படத்தில் ஒரு பாட்டுக்காகக் கறுப்புக் கதாநாயகனை வெளுப்பாக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தை எடுத்துப் பிரேம் பிரேமாகக் கணினியில் அவர்மேல் ஏற்றினார்கள். தமிழ்நாடே கொண்டாடிய கறுப்பு அவருடையது. அதற்கும் கடைசியில் ஒரு கோட் வெள்ளையடித்தால்தான் நமக்குத் திருப்தி. திண்டுக்கல் தியேட்டரில் நானும் விசில் அடித்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. இருட்டில் எல்லோரும் ஒரே நிறமாக இருந்தோம்.

கோவா போனவர்கள் திரும்பிவிட்டார்கள். பெண் எனக்குப் படங்கள் அனுப்பியிருந்தாள். முக்கால்வாசி ஜன்னல் வழியாக எடுத்தவை. கம்பிக்கு அந்தப் பக்கம் கடல். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "ஏசி நல்லா இருந்துச்சு மாமா" என்றாள்.

கடற்கரையில் பகல் பத்திலிருந்து நாலு வரை யார் இருப்பார்கள் என்பதை அந்த ஜன்னல் அவளுக்குக் காட்டியிருக்காது. ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சேலைக்கு மேலே அதே ஆண்பிள்ளைச் சட்டையோடு கடலுக்குள் மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கிச் சாக்கில் நிரப்புகிறார்கள். அந்தப் பாசியிலிருந்து எடுக்கிற கூழ்ச்சத்து மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் போகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் நிற்கிறவர்களுக்கு வெயில் மேலிருந்தும் வரும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் வரும். அவர்களும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள், தினமும். நம் சம்மந்தியம்மா வீட்டுச் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது என்று கேள்வி.

இரண்டு டியூப்பில் ஒன்று திறக்காமலே திரும்பி வந்தது. அதைப் பெண் அம்மாவுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனாள். நான் போயிருந்தபோது அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதைப் பூசுனா வெயிலு சுடாதா?"

"சுடும்க்கா. சூட்டுக்கு இது ஒண்ணும் பண்ணாது. தோலு கருக்காது, அவ்வளவுதான்."

"தலை கிறுகிறுக்காதா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டியூப்பைச் சாமி மாடத்தில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"சுடுறதுக்கு ஏதாவது கண்டுபிடிச்சிருக்காய்ங்களான்னு கேட்டு வைய்யி" என்றாள், துண்டைத் தலையில் இறுக்கியபடி.